போர்க்கப்பலுக்கு ஒரு கிரைண்டர்

செம்மொழிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவள் அப்பா. மேடைப் பேச்சாளர். மகள் வாயைத் திறந்தால் தமிழ் மணக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மணக்கத்தான் செய்தது, ஆனால் லேத் எண்ணெயும் வெல்டிங் புகையும் கலந்த மணம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தாள். கோயம்புத்தூரில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தாள். அங்கே மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு சீர்காழிக்குத் திரும்பி, சிதம்பரம் ரோட்டில் சொந்தமாகப் பட்டறை போட்டாள். மேஸ்திரியை அவள் என்ன வார்த்தை சொல்லித் திட்டினாள் என்பதை இங்கே எழுத முடியாது. அப்பா அதைக் கேள்விப்பட்டு ஒரு வாரம் மகளோடு பேசவில்லை.

பட்டறையில் ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ஆன பெரிய கிரைண்டர்கள் செய்தாள். மயிலாடுதுறையிலிருந்து காரைக்கால் வரை எந்த மெஸ்ஸில் இட்லி மல்லிகைப்பூவாக வந்தாலும் அது தன் கல்லில் அரைத்த மாவு என்று அடித்துச் சொல்வாள். பாதி உண்மை. மீதி, அவள் வாய்.

அவள் கணவன் தங்கையன் அவளுக்கு நேர் எதிர். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவன். பேசினால் கூலி கொடுக்க வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிறவனைப் போலப் பேசுவான். "சரி", "பாப்போம்", "தண்ணி வரட்டும்" என்ற மூன்றை வைத்தே கல்யாண வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தான்.

இவர்கள் வாழ்க்கைக்குள் இந்தியக் கடற்படையைக் கூட்டிக்கொண்டு வந்தவர் நாகூர் காதர் மைதீன். பஹ்ரைனில் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, நாகூரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்தார். செம்மொழியிடம் கிரைண்டர் வாங்கி விற்பார். ஒருநாள் பட்டறைக்கு வந்து, டீ வருகிற வரைக்கும் கூடப் பொறுக்காமல் ஆரம்பித்தார்.

"ஏம்மா, கப்பலுக்கு ஒரு கிரைண்டர் வேணுமாம்."

"எந்தக் கப்பல் பாய்? காரைக்கால் விசைப்படகா?"

"நேவிம்மா. போர்க்கப்பல்."

"போர்க்கப்பலுக்கு எதுக்குக் கிரைண்டர்? எதிரி தலையில மாவ ஊத்தவா?"

காதர் மைதீனின் மருமகன் சைபுல்லா மும்பையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். கப்பல்களுக்குச் சமையலறை அமைத்துக் கொடுக்கிற கம்பெனி. புதிதாக ஃபிரிகேட் வகைக் கப்பல்கள் கட்டப்போகிறார்கள். அதில் சமையலறை முழுக்க உள்நாட்டுச் சாமானாகவே இருக்க வேண்டுமாம். அடுப்பு கிடைத்துவிட்டது, ஃப்ரிட்ஜ் கிடைத்துவிட்டது, கிரைண்டர்தான் கிடைக்கவில்லை. முன்பு எவனோ செய்து கொடுத்த கிரைண்டர் அலை கொஞ்சம் எழும்பியதும் தன் குழவியைத் துப்பிவிட, அந்தக் குழவி சமையலறை முழுக்க உருண்டு சமையல்காரர்களைத் துரத்தியதாம்.

"ஃபிரிகேட்டுன்னா என்ன பாய்?"

"பெரிய கப்பலுக்குத் துணைக்குப் போறது. சரக்குக் கப்பல், விமானம் ஏத்துற கப்பல் எல்லாத்துக்கும் முன்னாலயும் பின்னாலயும் காவலா போவும். தண்ணிக்கு அடியில எவனாவது வாரானான்னு காது குடுத்துக் கேட்டுக்கிட்டே போவும்."

"பொண்ணு பாக்கப் போறப்ப கூட வர்ற சித்தப்பா மாதிரி."

காதர் மைதீன் யோசித்துப் பார்த்தார். "ஏறக்குறைய அப்புடித்தான்" என்றார்.

கிரைண்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கட்டுத் தாள் ஈமெயிலில் வந்தது. ஏவுகணைக்கு எழுதியதைக் கிரைண்டருக்கு மாற்றி அனுப்பிவிட்டார்களோ என்று செம்மொழிக்குச் சந்தேகம். கப்பல் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தாலும் மாவு சிந்தக்கூடாது. பக்கத்தில் குண்டு வெடித்தாலும் கல் நகரக்கூடாது. உப்புக்காற்றில் துருப்பிடிக்கக்கூடாது. கடைசியில் இணைப்பில், சத்தம், அதிர்வு என்று ஒரு பகுதி இருந்தது. அதை அவள் படிக்கவில்லை. ஜெனரேட்டருக்கானதாக இருக்கும் என்று தாண்டிவிட்டாள். படிக்காமல் விட்ட அந்தப் பகுதிக்காகத்தான் பின்னால் அவள் வாழ்க்கையிலேயே அதிகம் கஷ்டப்பட்டாள்.

முதல் கிரைண்டர் தயாரானதும், சாய்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். சீர்காழியில் அலைக்கு எங்கே போவது? தங்கையனின் டிராக்டர் டிரெய்லரில் கிரைண்டரை போல்ட் போட்டு முறுக்கினார்கள். ஜெனரேட்டரையும் ஏற்றினார்கள். கொள்ளிடக்கரை ரோடு அந்த வருஷ மழையில் குண்டும் குழியுமாகக் கிடந்தது. வேறு எந்தச் சமயத்திலும் அந்த ரோட்டைத் திட்டுகிற செம்மொழி அன்றைக்கு அதைப் பாராட்டினாள்.

காதர் மைதீன் பஹ்ரைன் அனுபவத்தை முன்னிட்டு டிரெய்லரில் ஏறி நின்றுகொண்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி. வெள்ளிக்கிழமை வேறு. அப்படியே தொழுகைக்குப் போய்விடலாம் என்ற கணக்கு.

"மெதுவா ஓட்டச் சொல்லும்மா."

"கடல் மெதுவாவா பாய் ஆடும்?" என்றவள், "நீங்க வேகமா விடுங்க" என்று தங்கையனைப் பார்த்துக் கத்தினாள்.

தங்கையன் "சரி" என்றான். விட்டான்.

முதல் பள்ளத்தில் கிரைண்டர் அசையவில்லை. இரண்டாவது பள்ளத்திலும் அசையவில்லை. செம்மொழி வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தபடி "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கூவினாள். மதகுக்குப் பக்கத்தில் ரோடு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த இடத்தில் டிரெய்லர் சாய்ந்தது. கிரைண்டர் அப்போதும் அசையவில்லை. ஆனால் உள்ளே இருந்த மாவு மொத்தமும் மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, ஒரு கணம் காற்றில் நின்று, காதர் மைதீன் மேல் இறங்கியது.

வெள்ளைச் சட்டையில் வெள்ளை மாவு தெரியாது என்றாள் செம்மொழி. தாடியில் தெரிந்தது. அவர் கொள்ளிடத்தில் இறங்கிக் குளித்துவிட்டு, தங்கையனின் சட்டையைப் போட்டுக்கொண்டு தொழுகைக்கு ஓடினார். அடுத்த இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை. அதற்குள் செம்மொழி மூடிக்கு ரப்பர் விளிம்பும் நாலு பூட்டும் வைத்துவிட்டாள். குழவியை ஸ்பிரிங் போட்டு அழுத்திப் பிடித்தாள். மறுபடி அதே ரோட்டில் ஓட்டியபோது ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஆனால் அன்றைக்கு டிரெய்லரில் ஏறியது அவள்தான்.

பரிசோதனைக்குக் கடற்படை அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்ததும் செம்மொழி சம்பங்கி மாலை வாங்கி வைத்தாள். கார் வந்து நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு உயரமான, முறுக்கு மீசை வைத்த ஓர் ஆள் இறங்கினார். மாலையைப் போட்டுவிட்டாள். அவர் டிரைவர். பின்னால் இறங்கிய ஒல்லியான பெண்தான் லெஃப்டினன்ட் கமாண்டர் ஷோபனா.

"பரவால்லக்கா, அவருக்கு இதுவரைக்கும் யாரும் மாலை போட்டதில்ல" என்றாள் ஷோபனா. அவள் திருக்காட்டுப்பள்ளிக்காரி. நெல் போடுகிற குடும்பம். அப்பா இன்னும் வயலில்தான் இருக்கிறார். கூடவே மும்பைக் கம்பெனியிலிருந்து வேறு இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவன் டை கட்டியிருந்தான். சீர்காழி வெயிலுக்கு அது அவனைத் தூக்கில் போட்ட மாதிரி இருந்தது.

சங்கிலி போட்டுக் கிரைண்டரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்கள். தேறியது. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்த பாகங்களைப் பார்த்தார்கள். தேறியது. செம்மொழி டீ சொல்லிவிட்டாள். அப்போதுதான் ஷோபனா பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துக் கிரைண்டரின் அடித்தட்டில் ஒட்டினாள். இன்னொன்றைத் தரையில் ஒட்டினாள். மெஷினைப் போடச் சொன்னாள். திரையில் கோடுகள் குதித்தன.

"அக்கா, இது ஆகாது."

"என்ன ஆகாது? சத்தமா? எங்க மெஷின் சத்தத்துல பக்கத்து வூட்டுப் புள்ள தூங்குதும்மா!"

"காதுக்குக் கேக்குற சத்தம் பிரச்சினையில்ல. அதிர்வு கப்பலோட தட்டு வழியா கடலுக்குள்ள இறங்கும். தண்ணில சத்தம் ரொம்ப தூரம் போவும். நீர்மூழ்கில இருக்கிறவன் கேட்டுடுவான்."

"கேட்டா? இட்லி சாப்புட வந்துருவானா?"

"டார்பிடோ அனுப்புவான்க்கா."

பட்டறையில் அவளிடம் வேலை பார்த்த ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். செம்மொழிக்கு முகம் சிவந்துவிட்டது. தாளில் எழுதியிருக்கிறது என்று ஷோபனா அந்த இணைப்பை எடுத்துக் காட்டினாள். எழுதியிருந்தது. கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாமல் செம்மொழி தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கிரைண்டரைத் தூங்க வைக்க வேண்டும். அடியில் தேங்காய் நார் மெத்தை வைத்தாள். சைக்கிள் டியூப் வைத்தாள். பழைய டிராக்டர் டயரை வெட்டி வைத்தாள். பல்சக்கரத்தை எடுத்துவிட்டு பெல்ட் போட்டாள். ஷோபனா சொன்ன மாதிரி ஒரு அதிர்வு மானியை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு அளந்தாள். அது கொஞ்சம் இறங்குவதும், திரும்ப ஏறுவதுமாக அவளைப் பார்த்துச் சிரித்தது. கடைசியில் ரைஸ் மில்லில் உமி நீக்குகிற ரப்பர் ரோலர் தேய்ந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அதை எடுத்து வந்து வட்ட வட்டமாக வெட்டி நாலு காலுக்கும் அடியில் வைத்தாள். அதில் நன்றாகவே இறங்கியது. ஆனால் வேண்டிய இடத்துக்கு வரவில்லை.

இதற்கிடையில் டெல்லியில் கப்பல்களுக்குப் பணம் ஒதுக்குகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அது நடக்கிற வேகத்துக்கு செம்மொழியின் கிரைண்டரே தேவலாம். முதலில் ஒரு டஜன் கப்பல் என்று சைபுல்லா போனில் சொன்னான். செம்மொழி பட்டறைக்குப் பக்கத்தில் புது ஷெட் போட்டாள். அப்புறம் அவன் ஏழு என்றான். அடுத்த பட்ஜெட்டுக்குப் பிறகு, "இப்போதைக்கு நாலு அக்கா, மீதி அடுத்த கட்டம்" என்றான். எந்தக் கட்டமோ. ஒரு கப்பலில் ராடார் விலை ஏறிவிட்டதாம். அதைச் சரிக்கட்ட எதையாவது குறைக்க வேண்டும், பீரங்கியைக் குறைக்க முடியாது என்பதால் சமையலறையில் கை வைக்கிறார்களாம்.

நியூஸ்பேப்பரில் ராசிபலனும் தங்க விலையும் மட்டும் பார்த்தவள் இப்போது பாதுகாப்புத் துறை ஒதுக்கீடு பக்கத்தை விரலால் தடவித் தடவிப் படித்தாள். பட்ஜெட் உரையை டிவியில் முழுசாகப் பார்த்த ஒரே ஆள் சீர்காழியில் அவளாகத்தான் இருப்பாள். மூலதனச் செலவு கூடியிருக்கிறது என்று கேட்டதும் கைதட்டினாள். பட்டறை வாசலில் "இந்தியக் கடற்படையின் நம்பிக்கை பெற்றது" என்று போர்டு வைத்தாள். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று மும்பையிலிருந்து போன் வந்தது. போர்டில் "கடற்படையின்" மேல் பெயின்ட் அடித்தாள். அதற்குப் பிறகு "இந்தியக் நம்பிக்கை பெற்றது" என்று அர்த்தமில்லாமல் நின்றது. அந்தக் கையெழுத்தை முன்னிட்டு இந்தக் கதையிலும் கப்பலின் பெயர் வராது.

தங்கையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் தூர்வாரவில்லை. ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. குறுவைக்கு விட்ட நாற்று மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செம்மொழி, "கப்பலுக்கு இன்னும் கொஞ்சம் ஒதுக்குனா என்னவாம், நாட்டக் காப்பாத்த வேணாமா?" என்று டிவியைப் பார்த்துச் சொன்னாள்.

தங்கையன் கையை உதறினான்.

"நம்ம வாய்க்காலுக்கு ஒரு பொக்லைன் ஒதுக்கச் சொல்லு மொதல்ல."

"அது வேற, இது வேறங்க."

"எது வேற? ரெண்டும் தண்ணிதான். ஒரு தண்ணில கப்பல் போவுது. இன்னொரு தண்ணி வரவே மாட்டேங்குது. நீ எந்தத் தண்ணிக்குக் கைதட்டுற?"

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. தட்டில் சோறு பாதி இருந்தது. எழுந்து போய்விட்டான். செம்மொழி டிவியை அணைத்தாள். அன்றைக்கு முழுதும் பட்டறையில் யாரையும் திட்டவில்லை. ஆட்கள் பயந்துபோனார்கள்.

அடுத்த வாரம் விவசாயிகள் சாலை மறியல் அறிவித்தார்கள். முந்தின நாள், "நாளைக்கு மறியலுக்கு நீ வரணும்" என்று தங்கையன் சொன்னான். அவளிடம் அவன் எதையும் கேட்டதில்லை என்பதால் அவள் உடனே சரி என்றுவிட்டாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நாளைக்குத்தான் ஷோபனா மறுபரிசோதனைக்கு வருகிறாள். ஒரு வருஷமாகக் காத்திருந்த நாள். போன் போட்டாள், எடுக்கவில்லை. காதர் மைதீனுக்குப் போன் போட்டாள்.

"பாய், நீங்க பட்டறையில இருங்க. அவங்க வந்தா டீ குடுத்து உக்கார வைங்க. நான் ரோட்டுல உக்காந்துட்டு வந்துர்றேன்."

"என்னம்மா இது, நேவி வர்ற நாளா பாத்து!"

"நேவி எப்ப வேணா வரும் பாய். இந்த மனுஷன் வாயத் தொறந்து கேட்டது இதான் மொதல் தடவ."

சிதம்பரம் ரோட்டில் காய்ந்த நாற்றுக் கட்டுகளோடு ஜனங்கள் உட்கார்ந்தார்கள். செம்மொழி முதல் வரிசை. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை என்று கண்டுபிடித்துக் கோஷம் போடுகிற வேலையை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் நீண்டு நின்றன. அந்த வரிசையில் ஒரு வெள்ளைக் காரும் மாட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் கூட்டத்துக்குள் நடந்து வந்தாள். கோஷத்துக்குக் கையை உயர்த்திய செம்மொழி அதைப் பாதியில் இறக்கினாள்.

"அக்கா, இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன்."

"தெரியும்மா. உக்காருங்க."

"யூனிஃபார்ம்ல இருக்கேன், உக்கார முடியாது."

"அப்ப நில்லுங்க. தாசில்தார் வந்ததும் போயிரலாம்."

டை கட்டிய ஆள் வியர்த்து வழிந்தபடி பின்னாலேயே வந்தான். அவன் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி, இது நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலை, இப்படித் தடுக்கக்கூடாது என்றான். யாரோ மொழிபெயர்த்தார்கள். தங்கையன் எழுந்தான்.

"சாருக்குச் சொல்லுங்க. அவுங்க கப்பல் மெதக்கத் தண்ணி இருக்கு. எங்க நாத்து மெதக்க வேணாம், நனைஞ்சாப் போதும்."

கூட்டம் கைதட்டியது. ஷோபனா சிரித்துவிட்டாள். "எந்த வாய்க்கால் அண்ணே?" என்று கேட்டாள். அவன் சொன்னான். "எங்க ஊருக்கெல்லாம் தண்ணி வந்து நட்டு முடிச்சாச்சே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"எந்த ஊரும்மா?"

"திருக்காட்டுப்பள்ளி."

அவ்வளவுதான். காவிரித் தண்ணீர் முதலில் தொடுகிற ஊர்களில் ஒன்றின் பெயரைக் கடைமடைக்காரர்கள் மறியலில் யாரும் சொல்லக்கூடாது. "மேல நீங்க அடைச்சுக்கிட்டு எங்களுக்குச் சொட்டு வுடுறீங்க" என்று நாலு பக்கமும் குரல் கிளம்பியது. ஒரு கிழவர் அவள் அப்பா பெயரைக் கேட்டார். எதிரி நீர்மூழ்கிக்குப் பயப்படாத அதிகாரி இரண்டு அடி பின்னால் போனாள்.

"எங்கப்பா மடையை அடைச்சிருந்தா நானே போயித் தொறந்து வுடுறேன், போதுமா?" என்றாள்.

செம்மொழி எழுந்து நடுவில் நின்றாள். "அந்தப் புள்ளைய விடுங்கடா. அதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்ல. அது உப்புத்தண்ணி" என்று கத்தினாள். சிரிப்பு எழுந்ததும் சூடு தணிந்தது. தாசில்தார் வந்து, பொக்லைன் நாளைக்கே இறங்கும் என்று எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகு கலைந்தார்கள்.

பட்டறையில் காதர் மைதீன் டீயை நாலு தடவை சூடுபண்ணி வைத்திருந்தார். பரிசோதனை தொடங்கியதும் கருவியில் கோடுகள் கண்டபடி குதித்தன. மெஷினை இன்னும் போடவே இல்லை. வெளியே மைக் கட்டிய ஆட்டோ, மறியல் வெற்றி வெற்றி என்று தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது போகும்வரை இந்தியக் கடற்படை காத்திருந்தது.

அப்புறம் அளந்தார்கள். முன்னைக்கு எவ்வளவோ இறங்கியிருந்தது. ஆனாலும் எல்லைக்கு ஒரு மயிரிழை மேலே. தேறவில்லை என்று எழுத டை கட்டியவன் பேனாவை எடுத்தான். ஷோபனா அவனைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அக்கா, கப்பல் எப்பவும் மௌனமாப் போறதில்ல. நீர்மூழ்கி வேட்டைக்குப் போற நேரத்துலதான். அந்த நேரம் இது தானா நின்னுட்டா போதும். கண்ட்ரோல் ரூம்லேருந்து ஒரு ஒயர், ஒரு ரிலே. அவங்க சுவிட்சைத் தட்டுனா உங்க மெஷின் மூச்சு விடாது."

செம்மொழிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாதி மாவுல நிக்கிறதா? இதுக்காம்மா ஒரு வருஷம் மில்லு மில்லா அலைஞ்சேன்? வாய்ப்பூட்டா?"

"உங்களுக்கு இல்லக்கா. மெஷினுக்கு மட்டுந்தான்."

காதர் மைதீனுக்கு டீ புரையேறியது.

ரிலே வைத்தாள். தேறியது. ஆர்டர் வந்தது. ஒரு டஜன் கப்பலுக்கு இல்லை, நாலு கப்பலுக்கும் இல்லை. முதல் கப்பலுக்கு மட்டும், இரண்டே இரண்டு கிரைண்டர். மற்றதெல்லாம் அடுத்த ஒதுக்கீட்டில் பார்க்கலாம் என்றார்கள். புது ஷெட்டில் தங்கையன் வைக்கோல் அடுக்கினான். தாசில்தார் சொன்ன பொக்லைன் நாளைக்கு வரவில்லை, அதற்கு அடுத்த வாரம் வந்தது. தண்ணீரும் வந்தது. குறுவையில் பாதி தேறியது. மீதியை உழுதுவிட்டுச் சம்பாவுக்குப் போனான்.

கப்பல் கட்டி முடிய இன்னும் சில வருஷம் ஆயிற்று. அது சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருக்கிறது, பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று ஷோபனா செய்தி அனுப்பினாள். அவள் அப்போது விசாகப்பட்டினத்துக்கு மாறிப் போயிருந்தாள். செம்மொழி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். தங்கையனும் காதர் மைதீனும் கூடப் போனார்கள்.

கப்பலைப் பார்த்ததும் தங்கையன் நெடுநேரம் அண்ணாந்து நின்றான். "நம்ம மாரியம்மன் கோயில் தெரு மொத்தமும் உள்ள வச்சுரலாம் போலருக்கே" என்றான். மேலே பீரங்கியைக் காட்டினார்கள், ஹெலிகாப்டர் நிற்கிற இடத்தைக் காட்டினார்கள். எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். செம்மொழி பீரங்கியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சமையக்கட்டு எங்கப்பா?" என்று கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற பையனைக் கேட்டாள். பஞ்சாப் பையன். அவனுக்குப் புரியவில்லை. கையால் மாவு அரைத்துக் காட்டினாள். ஏதோ நடனம் என்று நினைத்து அவனும் சிரித்தான். காதர் மைதீன் பஹ்ரைனில் கற்ற இந்தியில் விஷயத்தைச் சொன்னார். பார்வையாளர்கள் கீழே போக அனுமதியில்லை என்றான் அவன். ஆனால் உள்ளே போய் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒடிசாக்காரர், குண்டாக, தோளில் துண்டோடு. கப்பலின் தலைமைச் சமையல்காரர்.

செம்மொழியைக் காட்டி இன்னார் என்று சொன்னதும் அவர் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் இந்தியில் திட்ட ஆரம்பித்தார். காதர் மைதீன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்.

"மாவு நல்லா அரையுதாம். இட்லி நல்லா வருதாம். ஆனா இவரு உளுந்து போட்டு ஓட்டுறப்பல்லாம் மேல எவனோ சுவிட்சத் தட்டிப்புடுறானாம். மெஷின் நின்னுருதாம். மாவு அரையுங்குறையுமா புளிச்சு, ஒரு தடவ கேப்டனுக்கே பசை மாதிரி தோசை போச்சாம். இத வடிவமைச்சவன் கையில கெடச்சா..." அத்தோடு காதர் மைதீன் நிறுத்திவிட்டார்.

"கெடச்சா என்னவாம்?"

"விடும்மா."

செம்மொழி விடவில்லை. அது யார் வைத்த சுவிட்ச், எதற்கு வைத்தது, டார்பிடோ வந்தால் உன் தோசை என்ன ஆகும் என்பதையெல்லாம் தமிழிலேயே சொன்னாள். சமையல்காரர் ஒடியாவில் பதில் சொன்னார். இரண்டு பேரும் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் நன்றாகச் சண்டை போட்டார்கள். கடைசியில் அவர் உள்ளே போய், ஒரு தூக்கில் சுடச்சுட இட்லியோடு வந்தார். செம்மொழி ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். அவள் கண் கலங்கியதைத் தங்கையன் பார்த்தான். சட்னி காரம் என்றாள். சட்னியே இல்லை.

"உளுந்து கொஞ்சம் கம்மி" என்றாள் காதர் மைதீனிடம். "இத மொழிபெயர்க்க வேணாம்."

சமையல்காரர் விடைபெறும்போது இன்னொன்றும் சொன்னார். இட்லி வாரத்தில் இரண்டு நாள்தான். சப்பாத்தி தினம். அதற்கு மாவு பிசைகிற மெஷின் வெளிநாட்டுச் சாமான். ஒரு பாகம் போனால் மாசக்கணக்கில் வராது, அதுவரை பிள்ளைகள் கையால் பிசைந்து தோள்பட்டை வீங்கிக் கிடக்கிறார்கள். அடுத்த கட்டக் கப்பல்களுக்கு அதையும் உள்நாட்டிலேயே வாங்கப்போவதாகப் பேச்சு.

ஊருக்கு ரயில் ஏறினார்கள். விழுப்புரம் தாண்டியதும், "கோதுமை மாவு எவ்வளவு நேரம் பிசையணும் பாய்?" என்றாள்.

"எனக்கென்னம்மா தெரியும்? பஹ்ரைன்ல ரொட்டி கடையில வாங்குவோம்."

அவளுக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து அரிசியோடு வாழ்ந்தவள். மறுநாள் காலையில் சீர்காழி கடைத்தெருவில் ஒரு மூட்டை கோதுமை மாவு கேட்டாள். மளிகைக்கடைக்காரர் தயங்கினார்.

"வூட்டுல யாருக்கும்மா சுகர்? இவ்ளோ வாங்குறீங்க?"

"கப்பலுக்கு" என்றாள்.

இப்போது பட்டறையில் ஒரு புது மெஷின் பாதி உருவாகி நிற்கிறது. தினமும் அதில் பிசைந்த மாவு வீட்டுக்கு வருகிறது. நெல் விளைவிக்கிற தங்கையன் ஒரு மாதமாகச் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். முந்தாநாள் ஒன்றைப் பிய்க்கப் பார்த்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். அப்புறம் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, சம்பா அறுவடைக்கு முன் இந்த மெஷின் தேறிவிடுமா என்று கேட்டான்.

"பாப்போம்" என்றாள் செம்மொழி.